நின்றே வேலை, அம்மாவுக்கு நரம்பு சுருட்டு: எனக்கு வராமல் பார்த்துக்கொள்ள என்ன செய்யலாம்?

நெல்லைப்பெண் | திங்கள், இரவு 10.50

எல்லோருக்கும் வணக்கம். ஜவுளிக்கடை ஒன்றில் பட்டுச்சேலைப் பிரிவில் ஏழு வருஷமாக இருக்கிறேன். வயது 31, ஒரு பையன். காலை ஒன்பதரைக்கு கவுண்டருக்குள் போனால் ராத்திரி ஒன்பது வரை நிற்பதுதான். மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம், சாயங்காலம் டீக்குப் பத்து நிமிடம். ஆடித் தள்ளுபடி, தீபாவளி என்று வந்துவிட்டால் அந்தப் பத்து நிமிடமும் கிடையாது.

ஆறு மாதமாக ஒன்றைக் கவனிக்கிறேன். ராத்திரி கொலுசைக் கழற்றினால் அதன் தடம் கணுக்காலைச் சுற்றி அப்படியே பள்ளமாக நிற்கிறது. ஒவ்வொரு மணியும் எங்கே உட்கார்ந்திருந்தது என்று விரலால் தடவிச் சொல்லலாம். காலையில் எழுந்தால் ஒன்றும் இருக்காது. வலது முழங்காலுக்குப் பின்னால் நூல் மாதிரி ஊதா நிறத்தில் நாலைந்து கோடுகள். மாலை ஆறு மணிக்கு மேல் கெண்டைக்காலில் ஈரத்துணியைச் சுற்றிவிட்ட மாதிரி கனம்.

பயத்துக்குக் காரணம் அம்மா. அம்மாவுக்கு இரண்டு காலிலும் நரம்பு சுருண்டு கிடக்கிறது. இடது கணுக்காலின் உள்பக்கம் தோல் கறுத்து, போன வருஷம் புண் வந்தது, இன்னும் ஆறவில்லை. ஆனால் அம்மா என்னைப் போல நின்று வேலை செய்தவர் இல்லை. முப்பது வருஷம் மடியில் முறத்தை வைத்து பீடி சுற்றியவர். நின்றால்தான் இது வரும் என்கிறார்களே, உட்கார்ந்திருந்தவருக்கு எப்படி வந்தது? எனக்கும் வருமா? வேலையை விட முடியாது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


தோசைக்கல் | திங்கள், இரவு 11.35

தங்கச்சி, நான் மதுரைப் பக்கம் ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். பத்தொன்பது வருஷம். கல்லுக்கு முன்னால் நிற்பவர்களில் பாதிப் பேருக்கு இது இருக்கிறது. எனக்கு இடது தொடையிலிருந்து கீழே வரை மண்புழு மாதிரி ஓடுகிறது. நீ இப்போதே கேட்கிறாய், நல்லது. நான் கேட்கும்போது காலம் போய்விட்டது. பதில்களைப் படிக்கக் காத்திருக்கிறேன்.


வார்டு_அக்கா | செவ்வாய், காலை 6.10

இரவுப் பணி முடிந்து பேருந்தில் இருந்து எழுதுகிறேன். அறுவைச் சிகிச்சை வார்டில் செவிலியர், 22 ஆண்டு. நானும் நின்றே வேலை பார்ப்பவள்தான்.

முதலில் பெயரைத் தெளிவாக்கிக்கொள்வோம். நாம் நரம்பு என்று சொல்வது இங்கே நரம்பே இல்லை, ரத்தக்குழாய். இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் சிரை. அதனால்தான் நரம்புக்கு விற்கும் சத்து மாத்திரைகளை எத்தனை மாதம் விழுங்கினாலும் இந்த வீக்கம் குறைவதில்லை. அப்படி இரண்டு வருஷம் மாத்திரை சாப்பிட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். பாதத்திலிருந்து இதயம் வரை ரத்தம் ஒரு ஆள் உயரத்தில் முக்கால் பங்கு மேலே ஏற வேண்டும். ஏற்றிவிடுவது கெண்டைக்கால் தசை. அடி எடுத்து வைக்கும்போது தசை இறுகி, உள்ளே இருக்கும் சிரையைப் பிழிகிறது. அசையாமல் நின்றால் கணுக்கால் சிரையில் அழுத்தம் 80 முதல் 90 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கும். பத்துப் பதினைந்து அடி நடந்தால் 30 பக்கம் இறங்கிவிடும். காலைத் தொங்கவிட்டு அசையாமல் உட்கார்ந்தாலும் நிற்பதைவிடக் குறைவு, ஆனால் நடக்கும்போது இருப்பதைவிட அதிகம். அதனால் நின்றாயா உட்கார்ந்தாயா என்பதைவிட, கெண்டைக்கால் எவ்வளவு நேரம் சும்மா இருந்தது என்று கேட்பதுதான் சரி.

அம்மாவுக்கு எத்தனை பிரசவம்?


நெல்லைப்பெண் | செவ்வாய், மதியம் 1.40

ஐந்து அக்கா. நான் கடைசி.


வார்டு_அக்கா | செவ்வாய், இரவு 8.15

அதுவும் ஒரு பெரிய காரணம். கர்ப்ப காலத்தில் உடம்பில் ரத்த அளவு கூடும், ஹார்மோனால் சிரைச் சுவர் தளரும், வயிறு பெரிதாகி இடுப்புச் சிரைகளை அழுத்தும். ஐந்து முறை அப்படி. கூடவே இது வரும் போக்கு குடும்பத்திலேயே இருந்திருக்கும்.

பரம்பரை பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். பிரான்சில் 1994-இல் வந்த ஓர் ஆய்வில் 134 குடும்பங்களில் 402 பேரைப் பரிசோதித்தார்கள். பெற்றோர் இருவருக்கும் இருந்தால் பிள்ளைகளில் ஏறத்தாழ 90 சதவீதம் பேருக்கு. ஒருவருக்கு மட்டும் இருந்தால் பெண் பிள்ளைகளுக்கு 62, ஆண் பிள்ளைகளுக்கு 25. யாருக்குமே இல்லாவிட்டாலும் 20. சின்ன ஆய்வுதான், ஆனால் வார்டில் குடும்பக் கதை கேட்கும்போது எனக்கும் அப்படித்தான் தோன்றும். ஆகவே பழக்கத்தால் இது வரவே வராமல் தடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. தள்ளிப்போடலாம், முற்றாமல் பார்க்கலாம், புண் வரை போகாமல் நிறுத்தலாம். அம்மாவின் காலைப் பார்த்த உனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.


கரும்பலகை | செவ்வாய், இரவு 9.30

ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியன். 34 ஆண்டு சாக்பீஸும் கையுமாக நின்றவன், வலது காலில் எனக்கும் உண்டு.

மேலே சகோதரி சொன்னதில் ஒன்று விடுபட்டது: வால்வு. தசை பிழிந்து மேலே அனுப்பிய ரத்தம் மறுபடி கீழே விழாமல் தடுப்பது சிரைக்குள் இருக்கும் சின்னச் சின்னக் கதவுகள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை நான் படம் போட்டுச் சொல்லித் தந்ததே இல்லை. அவரவர் கையிலேயே காட்டுவேன். நீங்களும் செய்து பாருங்கள்.

கையை ஒரு நிமிடம் தொங்கவிடுங்கள். புறங்கையிலோ முன்கையிலோ ஒரு சிரை புடைத்து நிற்கும். விரல் பக்கமாக ஓரிடத்தில் ஆள்காட்டி விரலால் அழுத்திப் பிடியுங்கள். இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கை நோக்கி அந்தச் சிரையை வழித்துவிடுங்கள். வழித்த விரலை எடுத்துவிட்டுப் பாருங்கள். மேலே ரத்தம் நின்றுகொண்டிருக்கும். நடுவில் ஒரு துண்டு மட்டும் காலியாகத் தட்டையாகவே கிடக்கும். மேலே இருக்கும் ரத்தத்தைக் கீழே விடாமல் கதவு மூடியிருக்கிறது. அழுத்திய விரலை எடுங்கள், கீழிருந்து சட்டென்று நிரம்பும். வில்லியம் ஹார்வி 1628-இல் ரத்த ஓட்டத்தை நிரூபிக்க எழுதிய நூலில் இந்தச் சோதனையைப் படத்தோடு போட்டிருக்கிறார். அவர் படித்தது இத்தாலியின் பாதுவா நகரில். அங்கே அவருடைய ஆசிரியர் பாப்ரிசியஸ் சிரை வால்வுகளைப் பற்றி 1603-இலேயே நூல் வெளியிட்டுவிட்டார்.

காலில் இந்தக் கதவுகள் சரியாகப் பொருந்தாமல் போகும்போதுதான் ரத்தம் கீழே வழிந்து தேங்குகிறது. தேங்கினால் சிரை விரியும், விரிந்தால் அடுத்த கதவும் பொருந்தாது. ஒன்று கெட்டு அடுத்ததைக் கெடுக்கும். அதனால்தான் ஆரம்பத்தில் கவனித்தவருக்கும் பத்து வருஷம் கழித்துக் கவனித்தவருக்கும் இவ்வளவு வித்தியாசம். கெட்ட கதவை எந்த உடற்பயிற்சியும் திரும்பச் சரிசெய்யாது. நல்ல கதவுகளைக் காப்பாற்றத்தான் பயிற்சி.


தோசைக்கல் | செவ்வாய், இரவு 11.50

ஐயா, கடை மூடியதும் முதல் வேலையாகச் செய்து பார்த்தேன். கூட நின்ற பையன்களும் செய்தார்கள். இத்தனை வருஷம் இந்தக் கையோடு இருந்துவிட்டு இன்றுதான் தெரிகிறது.

நான் கேட்பது, கல் முன்னால் நிற்பவன் எப்படி நடப்பது? ஆர்டர் வந்துகொண்டே இருக்கும். அப்புறம் அடுப்புச் சூடு நேரே காலில் அடிக்கிறது, அதுவும் சேர்ந்து கெடுக்குமா?


வார்டு_அக்கா | புதன், பிற்பகல் 3.20

சூடு சிரையை விரிக்கும் அண்ணா. அதனால் உங்களுக்குக் கனமும் வீக்கமும் மற்றவர்களைவிட அதிகம் தெரியும். அடுப்புக்கும் காலுக்கும் நடுவில் ஒரு தகடு மறைப்பு வைக்க முடியுமா பாருங்கள். வேலை முடிந்து வெந்நீரில் காலை ஊறப்போடும் பழக்கம் இருந்தால் விடுங்கள். அந்த நேரத்துக்கு இதமாக இருக்கும், வீக்கம் கூடும். குழாயில் வரும் தண்ணீரை முழங்காலிலிருந்து கீழே ஊற்றுங்கள், போதும்.

நின்ற இடத்தில் செய்ய ஒன்றுதான், அதை ஒழுங்காகச் செய்தால் வேறு எதுவும் பெரிதாகத் தேவையில்லை. இரண்டு குதிகாலையும் மெல்ல உயர்த்தி முன்பாதத்தில் நில்லுங்கள். மேலே போனதும் கெண்டைக்கால் கல் மாதிரி இறுக வேண்டும். இரண்டு எண்ணுங்கள். இறக்கும்போது தொப்பென்று விழாமல் மெதுவாக இறங்குங்கள். ஒரு தடவைக்கு இருபது. பலர் குதிகாலை ஒரு விரல்கடை உயர்த்திவிட்டுக் கணக்குக் காட்டுவார்கள், அது தசையைப் பிழியாது. கல் ஓரத்தை இடுப்பால் முட்டிக்கொண்டு செய்யாதீர்கள், வழுக்கினால் கை கல்லில் போய்விடும். மாவு உருட்டும் மேசைப் பக்கம் திரும்பும்போது செய்யுங்கள்.

நெல்லைப்பெண்ணுக்கு, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் பில் போட அனுப்பிவிட்டு, சேலையை மடிக்கும்போது இருபது. அப்படி ஒரு வேலையோடு ஒட்டிவிடு. மணி பார்த்துச் செய்வது மூன்றாம் நாள் மறந்துபோகும்.

ஒரு செங்கல் உயரத்துக்கு மரக்கட்டை ஒன்றை கவுண்டருக்கு அடியில் போட்டு, காலை மாற்றி மாற்றி அதில் வைக்கலாம். செருப்பு தட்டையாக, குதிகால் தூக்கல் இல்லாமல் இருக்கட்டும். குதிகால் உயர்ந்த செருப்பில் கணுக்கால் முழுசாக மடங்காது, கெண்டைக்காலும் முழுசாக வேலை செய்யாது.


பூங்காற்று77 | புதன், மாலை 6.00

எங்கள் ஊரில் எண்ணெய் போட்டு நரம்பை அழுத்தி நீவிவிடுகிறவர் இருக்கிறார். சுருண்டதை நேராக்கிவிடுவார் என்று சொல்கிறார்கள். முயன்று பார்க்கலாமே?


இரவுஷிப்ட் | புதன், மாலை 6.45

வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். என் அப்பாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். புடைத்த நரம்பு ஒரு நாள் சிவந்து, கயிறு மாதிரி கெட்டியாகி வலித்தது. அப்பாவை ஒருவரிடம் அழைத்துப் போய் மூன்று நாள் கட்டைவிரலால் அழுத்தி நீவினோம். நான்தான் வண்டியில் உட்கார வைத்துக் கூட்டிப்போனேன். நான்காம் நாள் தொடை வரை வீங்கிவிட்டது. மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்துவிட்டு ஆழமான சிரையிலும் ரத்தம் உறைந்திருக்கிறது என்றார்கள். உறைவைக் கரையவிடாமல், பெயர்த்து நுரையீரலுக்கு அனுப்பும் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தோம் என்று டாக்டர் சொன்னபோது எனக்கு உட்கார இடம் தேட வேண்டியிருந்தது. பல மாதம் மாத்திரை சாப்பிட்டு அப்பா இப்போது நன்றாக இருக்கிறார்.


வார்டு_அக்கா | புதன், இரவு 9.05

நல்லவேளை காப்பாற்றிவிட்டீர்கள் தம்பி. எல்லோரும் இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைக்கால் வலித்து, தொட்டால் சூடாக இருந்தால் அன்றைக்கே மருத்துவமனை. கூடவே மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஒரு நிமிடமும் காத்திருக்காமல் 108.

இன்னொன்று, புடைத்த சிரை மேல் தோல் மெலிந்து, குளிக்கும்போதோ சொறியும்போதோ உடைந்து ரத்தம் பீச்சும். பார்த்தவர்கள் பதறி அவரை நாற்காலியில் உட்காரவைப்பார்கள். அது தவறு. உடனே படுக்க வைத்து, காலை உயரத் தூக்கி, சுத்தமான துணியால் அந்த இடத்தை விடாமல் அழுத்த வேண்டும். பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும். தொடைக்கு மேலே கயிறு கட்டக் கூடாது.

லேசாகத் தடவிவிடுவது வேறு. வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெய் தாராளமாகத் தடவலாம். அரிப்பு குறைந்தால் சொறிய மாட்டோம், சொறியாவிட்டால் புண் வராது. அழுத்தி நீவுவதுதான் கூடாது.


நெல்லைப்பெண் | வியாழன், இரவு 11.00

இரண்டு நாளாகக் குதிகால் உயர்த்துவதைச் செய்கிறேன். முதல் நாள் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, இன்று பரவாயில்லை. காலை இறுக்கிப் பிடிக்கும் அழுத்தக் காலுறை போடச் சொல்கிறார்களே, அதைப் பற்றிச் சொல்லுங்கள் அக்கா. நம் ஊர் வெயிலில் முடியுமா? அம்மாவுக்கும் வாங்கலாமா? அம்மாவுக்குச் சர்க்கரையும் உண்டு.


வார்டு_அக்கா | வெள்ளி, காலை 11.30

அம்மாவுக்கு நீயாகப் போய் வாங்காதே. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை இருப்பவர்களுக்கும் பீடி சிகரெட் பிடிப்பவர்களுக்கும் காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியும் சுருங்கியிருக்கலாம். அந்தக் காலில் இறுக்கமான உறையை மாட்டினால் வருகிற கொஞ்ச ரத்தமும் நின்று விரல் கறுத்துவிடும். கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் பார்த்து இரண்டையும் ஒப்பிட்டால் தமனி எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும். வலிக்காத சோதனை. அது முடிந்து தமனி நன்றாக இருக்கிறது என்றால், ஆறாத சிரைப் புண்ணுக்கு அழுத்தக் கட்டுதான் முக்கிய மருந்து. வெறும் களிம்பு மட்டும் தடவினால் வருஷக்கணக்கில் இழுக்கும். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் ரத்தநாளத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. உங்கள் பக்கத்து மருத்துவக் கல்லூரியில் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் காட்டினால் வழி சொல்வார்கள்.

உனக்கு வருகிறேன். காலுறை புதிய சிரை புடைப்பதைத் தடுக்கும் என்று இன்னும் உறுதியாக நிரூபிக்கவில்லை. நின்று வேலை செய்பவர்களுக்கு மாலை வீக்கமும் கனமும் குறைவது நிச்சயம். அதற்கே போடலாம். முழங்காலுக்குக் கீழ் வரை இருக்கும் வகை போதும். அழுத்தத்தை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருப்பார்கள். ஜெர்மன் அளவுமுறையில் முதல் வகுப்பு 18 முதல் 21, இரண்டாம் வகுப்பு 23 முதல் 32 மில்லிமீட்டர் பாதரசம். உனக்கு எது என்று டாக்டர் சொல்லட்டும். அளவு எடுப்பது காலையில், வீக்கம் இல்லாதபோது. கணுக்காலின் மெல்லிய இடம், கெண்டைக்காலின் பருத்த இடம், இரண்டின் சுற்றளவும் வேண்டும். செருப்பு நம்பரை மட்டும் கேட்டு எடுத்துக்கொடுக்கும் கடையில் வாங்காதே.

மாட்டுவது ஒரு கலை. படுக்கையிலிருந்து எழுந்து நடமாடும் முன்பே போட வேண்டும். கொலுசைக் கழற்று. மெட்டி கழற்ற மாட்டாய் என்றால் விரல் திறந்த வகை வாங்கு, இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் நூல் இழுத்துவிடும். உறைக்குள் கையை விட்டுக் குதிகால் பகுதியைப் பிடித்து, அதுவரை உட்புறம் வெளியே திருப்பு. பாதத்தை நுழைத்து, குதிகால் சரியாகக் குதிகாலில் உட்கார்ந்தபின் மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்று. மேல்விளிம்பைப் பிடித்து இழுக்காதே, மடிக்காதே. மடித்தால் அங்கே இரட்டை அழுத்தம் விழுந்து கயிறு கட்டிய மாதிரி ஆகிவிடும். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு உள்ளங்கையால் தேய்த்து ஏற்றினால் சுருக்கம் விழாமல் போகும். எங்கள் வார்டில் நோயாளிகளுக்கு இதைத்தான் சொல்லித் தருகிறோம்.

வியர்க்கும், பொய் சொல்ல மாட்டேன். இரண்டு ஜோடி வாங்கி மாற்றி மாற்றிப் போடு. முறுக்கிப் பிழியாமல் துவைத்து நிழலில் உலர்த்து. ஆறு மாதத்தில் இழுவை போய்விடும், அதற்குப்பின் அது சாதாரணக் காலுறைதான்.


பனியன்நகரம் | வெள்ளி, இரவு 10.20

திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பகுதி மேற்பார்வையாளன். இத்தனை பேர் உடம்பைப் பற்றிப் பேசுகிறீர்கள், உட்கார இடத்தைப் பற்றியும் யாராவது பேச வேண்டும். டென்மார்க்கில் 12 வருஷம் தொழிலாளர்களைப் பின்தொடர்ந்து 2005-இல் ஓர் ஆய்வு வந்தது. வேலையில் பெரும்பாலும் நிற்பவர்கள் இந்த நோய்க்காக மருத்துவமனையில் சேர்வது மற்றவர்களைவிட ஏறக்குறைய 1.8 மடங்கு. ஆண் பெண் இரு பாலாருக்கும் கிட்டத்தட்ட அதே அளவு. பத்து மணி நேரம் ஒரே இடத்தில் நிறுத்திவைத்துவிட்டு, குதிகாலை உயர்த்து, காலுறை போடு என்று அந்தப் பெண்ணிடமே எல்லாப் பொறுப்பையும் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

தொழிற்சாலைகள் சட்டம் 1948, 44-ஆம் பிரிவிலேயே நின்று வேலை செய்கிறவர்களுக்கு, வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார வசதி வேண்டும் என்று இருந்தது. கடைகளுக்குத்தான் அது இல்லாமல் இருந்தது. கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைப் பெண்கள் முதலில் கழிப்பறைக்காகவும் பிறகு நாற்காலிக்காகவும் வருஷக்கணக்கில் போராடினார்கள். தையல் வேலை செய்த விஜி என்பவர் பெண்கூட்டு என்ற அமைப்பைத் தொடங்கி முன்னால் நின்றார். 2018-இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில், தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் கொண்டுவந்த மசோதா நிறைவேறி, 1947-ஆம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவில் வாய்ப்பு வரும்போது உட்கார விட வேண்டும். உங்கள் கடைக்கும் இது பொருந்தும்.


நெல்லைப்பெண் | சனி, இரவு 11.15

அண்ணா, சட்டம் இருப்பது தெரியும். எங்கள் தளத்தில் ஆறு ஸ்டூல் வந்தது. தூணுக்குப் பின்னால் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறது. வாடிக்கையாளர் படியேறி வரும்போது உட்கார்ந்திருந்தால் மரியாதை இல்லை என்று மேற்பார்வையாளர் நினைக்கிறார். கேமரா வேறு. ஒருத்தி உட்கார்ந்தால் பெயர் எடுத்துக் கூப்பிடுவார்.


பனியன்நகரம் | ஞாயிறு, காலை 9.00

ஒருத்தியாகக் கேட்காதே அம்மா, தளத்தில் எல்லோரும் சேர்ந்து கேளுங்கள். சட்டம் என்று ஆரம்பிக்காமல் முறை போட்டுக் கேளுங்கள்: ஆறு பேர் இருந்தால் கூட்டம் இல்லாத நேரத்தில் இரண்டு பேர் கால் மணி நேரம் உட்கார்வது, நாலு பேர் நிற்பது. என் பகுதியில் நான் இப்படித்தான் ஓட்டுகிறேன், உற்பத்தி குறையவில்லை, மாலையில் தவறு விடுவது குறைந்தது. மேற்பார்வையாளனாகவே சொல்கிறேன், மேலே சொல்ல ஒரு கணக்கு இருந்தால் அவருக்கும் சம்மதிக்கச் சுலபம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்டத் தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம், பெயரை வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.


புதுவை_மல்லி | ஞாயிறு, மாலை 5.40

ஆறாவது மாதம் நடக்கிறது எனக்கு. இரண்டு காலிலும் திடீரென்று பச்சை நிறத்தில் கோடு கோடாக வந்துவிட்டது. மாமியார் பயந்துவிட்டார். என்ன செய்வது?


வார்டு_அக்கா | ஞாயிறு, இரவு 8.50

பயப்படாதே மல்லி. கர்ப்பத்தில் வருவது பிரசவம் ஆகிச் சில மாதங்களில் பெரும்பாலும் தானாகக் குறையும். இடதுபக்கம் ஒருக்களித்துப் படு, வலதுபக்கமாக ஓடும் பெரிய சிரை மீது வயிற்றின் பாரம் விழாது. பகலில் மூன்று நாலு தடவை கால் மணி நேரம் படுத்து, இதயத்தைவிடக் கால் உயரமாக இருக்கும்படி தலையணை வை. நாற்காலியில் உட்கார்ந்து காலை ஸ்டூலில் நீட்டுவது அந்த உயரம் ஆகாது. அடுத்த பரிசோதனையில் டாக்டரிடம் காட்டு. ஒரு கால் மட்டும் வீங்கினால் பரிசோதனை நாள் வரை காத்திருக்காதே.


இரவுஷிப்ட் | திங்கள், அதிகாலை 2.10

கணினி முன்னால் ஒன்பது மணி நேரம் உட்கார்கிறவன் நான். பீடி சுற்றிய அம்மாவைப் படித்ததும் என்னைப் பற்றி யோசித்தேன். இப்போது தண்ணீர்ப் பாட்டிலை மேசையிலிருந்து எடுத்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் கடைசி வரிசைக் குழாய் வரை நடந்து டம்ளரில் குடித்துவிட்டு வருகிறேன், போக 60 அடி, வர 60 அடி. கூட்டத்தில் மாட்டிக்கொண்டால் மேசைக்கு அடியில் தையல் மெஷின் மிதிப்பதுபோல் பாதத்தை ஆட்டுகிறேன். சென்னையிலிருந்து ஊருக்குப் பேருந்தில் பத்து மணி நேரம் போகும்போதும் அதேதான்.

கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தால் வரும் என்கிறார்களே? சம்மணம் போடுவதும் தப்பா?


கரும்பலகை | திங்கள், காலை 7.20

அதனால் வருகிறது என்பதற்கு ஆதாரம் கிடையாது தம்பி. எப்படி உட்கார்ந்தாலும் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்துவிடுங்கள், அவ்வளவுதான். உடல் எடையும் மலச்சிக்கலும்தான் அதைவிடக் கவனிக்க வேண்டியவை. எடை கூடினால் வயிற்றுக்குள் அழுத்தம் கூடி, காலிலிருந்து ஏறும் ரத்தத்துக்குத் தடை. எடையைப் பற்றி உறுதியாகச் சொல்லலாம். மலச்சிக்கல் பற்றிய ஆதாரம் அவ்வளவு பலமில்லை, ஆனால் கீரையும் பழமும் சாப்பிடுவதில் நஷ்டம் ஏதும் இல்லை.


நெல்லைப்பெண் | இரண்டு மாதம் கழித்து, ஞாயிறு, இரவு 9.45

எல்லோருக்கும் ஒரு தகவல் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அம்மாவை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப்போனேன். அக்கா சொன்ன கணுக்கால் அழுத்தச் சோதனை செய்தார்கள். தமனி நன்றாக இருக்கிறதாம். வாரத்துக்கு ஒரு தடவை நாலு அடுக்காகக் கட்டுப் போடுகிறார்கள். முதல் வாரம் கனமாக இருக்கிறது என்று அம்மா அவிழ்க்கப் பார்த்தார், தடுத்துவிட்டேன். உள்ளங்கை அளவு இருந்த புண் இப்போது எட்டணா அளவுக்கு வந்துவிட்டது. ஆறியபின் கெட்ட சிரையை லேசரால் அடைக்கலாமா என்று முடிவு செய்வார்களாம்.

எனக்கு ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். நின்றபடியே எடுத்தார்கள். வலது காலில் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு வால்வு லேசாகக் கசிகிறது, இடது நன்றாக இருக்கிறது. இப்போதைக்குச் சிகிச்சை வேண்டாம், காலுறை போட்டு ஒரு வருஷம் கழித்து வரச் சொன்னார்கள். கையுறை யோசனை இல்லாவிட்டால் முதல் நாளே காலுறையைத் தூக்கிப் போட்டிருப்பேன்.

ஸ்டூல் விஷயம்: ஆறு பேரும் சேர்ந்து கேட்டோம். மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை கூட்டம் இருக்காது, அப்போது இரண்டு இரண்டு பேராக உட்காரலாம் என்று விட்டிருக்கிறார். மற்ற நேரத்துக்கு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. தூணுக்குப் பின்னால் நாலு ஸ்டூல் அப்படியேதான் இருக்கிறது.

நேற்று முகூர்த்த நாள், ஒரு நிமிடமும் உட்காரவில்லை. காலுறையோடுதான் நின்றேன். வீட்டுக்கு வந்து கழற்றியதும் கணுக்காலைத் தடவிப் பார்த்தேன். உறையின் விளிம்புக் கோடு மட்டும் லேசாக இருந்தது, சாப்பிட்டு முடிப்பதற்குள் அதுவும் மறைந்துவிட்டது.


தோசைக்கல் | ஞாயிறு, இரவு 11.55

சந்தோஷம் தங்கச்சி. நான் அடுத்த செவ்வாய் ராஜாஜி மருத்துவமனைக்குப் போகிறேன், கடையில் சொல்லிவிட்டேன். அந்த ஸ்கேனுக்கு வெறும் வயிற்றில் போக வேண்டுமா?


வார்டு_அக்கா | திங்கள், காலை 5.50

காலுக்கு எடுக்கும் ஸ்கேனுக்கு வேண்டாம் அண்ணா, சாப்பிட்டுவிட்டே போங்கள். நிற்க வைத்து எடுப்பார்கள், பட்டினியோடு நின்றால் தலைசுற்றும். வேட்டியோ தளர்ந்த அரைக்கால் சட்டையோ போட்டுப் போங்கள், தொடை வரை பார்ப்பார்கள்.